நட்சத்திர வீரரைக் கேட்டு டிரேட் வந்தால் எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஒரு நட்சத்திர வீரர் அணி மாறப்போகிறார் என்று பேச்சு அடிபட்டால் போதும், "இத்தனை பிக் (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), இத்தனை வீரர்கள்" என்று ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். பட்டியல் நீளமாக இருந்தால் நல்ல விலை, குட்டையாக இருந்தால் ஏமாற்று என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம். இப்படி எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் என்பது பல ஆண்டுகளாக இந்த டிரேடுகளை, அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றங்களை, பின்தொடர்ந்து வந்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். நட்சத்திரம் நம் அணியில் இருக்கிறார், இன்னொரு அணி அவரைக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள கேள்விகளைப் படியுங்கள்.

ஒரு டிரேட் கோரிக்கை வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கோரிக்கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் நம் அணியைப் பார்க்க வேண்டும். இந்த வீரரை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் கோப்பைக்குப் போட்டியிட முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு பெரிய பட்டியல் வந்தாலும் தயங்க வேண்டும். கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்தே பேர். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் நட்சத்திரம் 48 நிமிடத்தில் 40 நிமிடம் ஆடுவார். ஒரே ஆள் ஆட்டத்தைத் தலைகீழாக்குவது மற்ற குழு ஆட்டங்களைவிட இங்கே மிக அதிகம். அதனால் மூன்று நல்ல வீரர்களைக் கூட்டினால் ஒரு மகத்தான வீரர் ஆகிவிட மாட்டார்.

முடியாது என்றால் அப்போது டிரேட் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த "முடியாது" உண்மையாக இருக்க வேண்டும். ஒரு மோசமான சீசன், ஒரு காயம், ஒரு பயிற்சியாளர் சண்டை இவற்றை வைத்து அதைச் சொல்லக்கூடாது.

ஐந்து முதல் சுற்று பிக் தருகிறார்கள். பெரிய விலைதானே?

யாருடைய ஐந்து? எந்த ஆண்டு? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஐந்து என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பிக் என்பது ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் ஒரு புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கடந்த சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை கிடைக்கும். 30 அணிகள் இருக்கின்றன என்பதால் முதல் சுற்றில் 1 முதல் 30 வரை இடங்கள். மூன்றாவது இடத்துக்கும் இருபத்தெட்டாவது இடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் "ஒரு முதல் சுற்று பிக்" என்றுதான் செய்தியில் எழுதுவார்கள்.

நட்சத்திரத்தை வாங்கும் அணி அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பலமாக இருக்கும். எனவே அவர்கள் தரும் உடனடி பிக் எல்லாம் 25, 28 என்ற இடங்களில்தான் விழும். உண்மையான மதிப்பு ஐந்து, ஆறு, ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் பிக்கில் இருக்கிறது. அப்போது அந்த அணியின் முக்கிய வீரர்களுக்கு என்ன வயதாகியிருக்கும், எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வகையில் அந்த அணி சரியப்போகும் நாளின் மீது நாம் பந்தயம் கட்டுகிறோம்.

இதற்கு 2013இல் பாஸ்டன் செய்ததைவிட நல்ல பாடம் கிடையாது. 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்துவிட்டு, 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்கையும் 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டன் வாங்கியது. புரூக்ளின் முதல் ஆண்டில் பிளேஆஃபில் ஒரு சுற்று ஜெயித்தது, அவ்வளவுதான். 2016இல் அந்த பிக் மூன்றாவது இடமாக விழுந்தது. பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல் முதலிடமே விழுந்தது. அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து மூன்றாவது இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி, மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தது. அந்த இருவரும்தான் 2024இல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்கள். பிக்கைக் கொடுத்தது வயதான அணி என்பதைச் சரியாகக் கணித்ததால் வந்த பலன் அது.

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அதுவரை ஒருமுறைகூடத் தேர்வாகாத மிக்கால் பிரிட்ஜஸுக்காக 2024இல் நியூயார்க் ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்தது. அதேபோல் தேர்வாகாத டெஸ்மண்ட் பேனுக்காக 2025இல் ஆர்லாண்டோ நான்கு கொடுத்தது. இருவரும் நல்ல வீரர்கள். ஆனால் "எங்கள் நட்சத்திரத்துக்கு நான்குதானா" என்று ரசிகர்கள் கொதிக்கும்போது அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

பாதுகாப்பு நிபந்தனை, ஸ்வாப் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பாதுகாப்பு நிபந்தனை என்றால், "இந்த பிக் முதல் நான்கு இடங்களுக்குள் விழுந்தால் நாங்களே வைத்துக்கொள்வோம், அதற்குக் கீழே விழுந்தால் உங்களுக்கு" என்பது போன்ற ஒப்பந்தம். பழத்தை வைத்துக்கொண்டு தோலைக் கொடுப்பதற்குச் சமம். நட்சத்திரத்தைக் கொடுக்கும் அணி நிபந்தனை இல்லாத பிக்கைத்தான் கேட்க வேண்டும். பேரம் பேசுவதாக இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றை விட்டுக்கொடுத்தாவது நிபந்தனையை நீக்கச் சொல்வேன்.

ஸ்வாப் என்பது அந்த ஆண்டு இரு அணிகளின் பிக்கில் எது மேலான இடமோ அதை நாம் எடுத்துக்கொள்ளும் உரிமை. டேட்டம் வந்தது அப்படிப்பட்ட உரிமையால்தான். ஆனால் நம் அணியே மோசமாக ஆடிக் கடைசியில் நின்றால் ஸ்வாப் ஒன்றுக்கும் உதவாது, நம் இடமே மேலாக இருக்கும். எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் அணிக்கு உடனடி ஆண்டுகளின் ஸ்வாப் வீண், தொலைவில் உள்ளது நல்லது.

ஏன் எப்போதும் ஒன்று விட்டு ஒரு ஆண்டு பிக் தருகிறார்கள்?

ஸ்டெப்பியன் விதி. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்டின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்று பிக்கையெல்லாம் கண்டபடி டிரேட் செய்ததால் வந்தது. வரப்போகும் இரண்டு தொடர்ச்சியான ஆண்டுகளில் ஓர் அணி முதல் சுற்று பிக்கே இல்லாமல் இருக்கக்கூடாது. அதோடு ஏழு டிராஃப்டுக்கு அப்பால் உள்ளதைக் கொடுக்க முடியாது. அதனால் இடைப்பட்ட ஆண்டுகளை ஸ்வாப் கொண்டு நிரப்புகிறார்கள்.

பிக் நல்லதா, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் இளம் வீரர் நல்லதா?

இளம் வீரர். அவர் சரியான ஆளாக இருந்தால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிக் என்பது இன்னும் முகம் தெரியாத ஒருவர். இளம் வீரரோ என்பிஏ தடுப்பாட்டத்துக்கு எதிராக ஆடிக் காட்டியவர்.

2019 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது உலகமே ஐந்து முதல் சுற்று பிக்கையும் இரண்டு ஸ்வாப்பையும் பற்றித்தான் பேசியது. அதே டிரேடில் முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 10.8 புள்ளி எடுத்திருந்த ஒரு பையனும் வந்தார். அவர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். 2024-25இல் லீகின் சிறந்த வீரர் விருது, கோப்பை, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது மூன்றும் அவருக்கே. பிக்கும் வீணாகவில்லை: 2022இல் 12ஆவது இடத்தில் வந்த ஜேலன் வில்லியம்ஸ் அதே கோப்பை அணியின் இரண்டாவது தூண்.

சரி, எந்த இளம் வீரரைக் கேட்பது? ஒரு சீசன் புள்ளி சராசரியை நம்பாதீர்கள். மோசமான அணியில் யாராவது ஒருவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். பந்தைத் தானே கொண்டுபோய் வாய்ப்பு உருவாக்குகிறாரா, தடுப்பாட்டத்தில் எதிரணி அவரைத் தேடிப்பிடித்துத் தாக்குகிறதா, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவை எப்படிப் போடுகிறார் (எறியும் கை எவ்வளவு நம்பகமானது என்பதை மூன்று புள்ளி சதவீதத்தைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்) இவற்றைப் பார்ப்பேன். முதல் சுற்று வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. அதில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதும் முக்கியம். மூன்று மிச்சம் என்றால் பொக்கிஷம். ஒன்றுதான் என்றால் அடுத்த கோடையிலேயே பெரிய சம்பளம் கேட்பார்.

நட்சத்திரத்தின் வயதும் ஒப்பந்தமும் விலையை எவ்வளவு மாற்றும்?

மிகவும். ஒரே வீரரை வைத்துப் பார்த்தால் புரியும். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்டுக்கு வயது 34, ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று சீசன் மிச்சம். ஃபீனிக்ஸ் அவருக்காக மிக்கால் பிரிட்ஜஸ், கேமரன் ஜான்சன், நிபந்தனை இல்லாத நான்கு முதல் சுற்று பிக், 2028 ஸ்வாப் எல்லாம் கொடுத்தது. 2025 கோடையில் வயது 36, ஒரே ஒரு சீசன் மிச்சம். ஹூஸ்டனிடமிருந்து ஃபீனிக்ஸுக்குக் கிடைத்தது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், 10ஆவது இட பிக், சில இரண்டாம் சுற்று பிக். அந்த 10ஆவது இடம் யாருடையது தெரியுமா? ஃபீனிக்ஸுடையதுதான். டுரான்டை வாங்கக் கொடுத்த நான்கில் ஒன்று, புரூக்ளின் வழியாக ஹூஸ்டன் போய், அதே டுரான்டை விற்றபோது வீடு திரும்பியது. இதைப் படித்தபோது ஃபீனிக்ஸ் ரசிகர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டாவது மிச்சமிருக்கும்போது பேச்சைத் தொடங்குவது நல்லது. கடைசி ஆண்டில் வாங்குபவர்கள் "ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த கோடையில் சும்மாவே வருவாரே" என்று கணக்குப் போடுவார்கள். ஓக்லஹோமாவிலிருந்து டுரான்ட் 2016இல் போனபோதும், கிளிப்பர்ஸிலிருந்து பால் ஜார்ஜ் 2024இல் போனபோதும் அந்த அணிகளுக்குக் கைமாறாக ஒன்றும் கிடைக்கவில்லை.

சம்பளக் கணக்கு தலை சுற்ற வைக்கிறது. எவ்வளவு தெரிந்தால் போதும்?

2025-26 சீசனுக்கு ஓர் அணியின் சம்பள வரம்பு 15 கோடியே 46 லட்சம் டாலர். அதைத் தாண்டலாம். ஆனால் தாண்டியவர்கள் டிரேடில் அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். லீகும் வீரர்கள் சங்கமும் செய்த 2023 ஒப்பந்தத்தின்படி அதற்கு மேலே இரண்டு கோடுகள் இருக்கின்றன, "ஏப்ரன்" என்பார்கள். முதல் கோடு 19 கோடியே 59 லட்சம். அதைத் தாண்டிய அணி அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாவது கோடு 20 கோடியே 78 லட்சம். அதற்கு மேலே இருப்பவர்கள் இரண்டு, மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடுகட்டவே முடியாது.

பத்து ஆண்டு அனுபவமுள்ள வீரரின் உச்ச சம்பளம் வரம்பில் 35 சதவீதம், அதாவது 5 கோடியே 41 லட்சம். அவரை இரண்டாவது கோட்டுக்கு மேலே உள்ள அணி வாங்க வேண்டுமானால் அதே அளவு சம்பளம் வாங்கும் ஒரே ஆளைக் கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? எனவே நமக்கு விருப்பமான வாங்குபவரால் சட்டப்படி வாங்கவே முடியாமல் போகலாம். வதந்தியை நம்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

ஈடுகட்ட வரும் வீரரின் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஆண்டோடு முடிந்தால் கவலையில்லை. மூன்று ஆண்டு நீளும் என்றால் அது நமக்கு வரும் கடன். அதற்கு ஈடாகத் தனியாக ஒரு பிக் கேளுங்கள்.

"அந்த அணிக்குத்தான் போவேன்" என்று வீரரே சொன்னால்?

டிரேடைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவர்கள் மிகச் சிலரே. பிராட்லி பீலுக்கு அது இருந்தது. மற்றவர்களின் விருப்பம் வெறும் விருப்பம்தான். 2023இல் டேமியன் லில்லார்ட் மயாமிக்குப் போக விரும்பினார். போர்ட்லாண்ட் காத்திருந்து மில்வாக்கிக்கு அனுப்பியது. அதற்காக வீரரை அவமதிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாங்குபவரிடம் மாட்டிக்கொண்டால் விலை விழும்.

ஒரே அணியோடு ரகசியமாகப் பேசி முடிப்பது சரியா?

என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய தவறு. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் செய்தது அதைத்தான். 25 வயது லூகா டான்சிச், முந்தைய ஆண்டு அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றவர். அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்து 31 வயது அந்தோனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் சுற்று பிக் ஒன்று இவற்றை வாங்கியது. மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. டேவிஸ் தன் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். அந்தக் கோடையில் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு டல்லாஸுக்கு டிராஃப்டின் முதலிடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். ஆனால் அது குலுக்கலின் கருணை. டிரேடின் வெற்றி என்று அதைக் கணக்கில் எழுத முடியாது. பொது மேலாளர் நிகோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார்.

இன்னொரு அணியிடம் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அந்த ரசிகர்கள் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். செய்தி கசிந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். கசிந்தால் சில வாரம் சங்கடம். கசியாமல் தவறாக விற்றால் பத்தாண்டு சங்கடம்.

ஓர் உதாரணத்தோடு எடைபோட்டுக் காட்ட முடியுமா?

கற்பனையாக வைத்துக்கொள்வோம். நம் நட்சத்திரத்துக்கு 29 வயது, ஒப்பந்தம் இரண்டு ஆண்டு மிச்சம், அணி புள்ளிப்பட்டியலில் பாதிக்குக் கீழே நிற்கிறது.

முதல் கோரிக்கை: நான்கு முதல் சுற்று பிக், எல்லாம் முதல் நான்கு இடங்களுக்குப் பாதுகாப்போடு, கூடவே மூன்று ஆண்டு ஒப்பந்தமுள்ள 30 வயது வீரர். கொடுக்கும் அணியின் முதன்மை வீரருக்கு 24 வயது.

இரண்டாவது: நிபந்தனை இல்லாத இரண்டே பிக், ஐந்தாவது ஆண்டும் ஏழாவது ஆண்டும், ஆறாவது ஆண்டுக்கு ஸ்வாப், முதல் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மிச்சமுள்ள 21 வயது வீரர், இந்த ஆண்டோடு முடியும் சம்பளங்கள். கொடுக்கும் அணியின் இரு முக்கிய வீரர்களுக்கும் 32 தாண்டிவிட்டது.

செய்தித் தலைப்பில் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். நான் இரண்டாவதை எடுப்பேன். முதலாவது அணி 24 வயது முதன்மை வீரரோடு நம் நட்சத்திரமும் சேர்ந்தால் ஆறு, ஏழு ஆண்டு மேலேயே இருக்கும். நான்கு பிக்கும் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் விழும். தப்பித்தவறி அவர்கள் சரிந்தாலும் பாதுகாப்பு நிபந்தனை வந்து தடுத்துவிடும். இரண்டாவது அணி ஐந்தாவது ஆண்டில் யார் தலைமையில் ஆடும் என்று அவர்களுக்கே தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நட்சத்திரம் போனபின் நாம் தோற்போம். அப்போது நம் சொந்த பிக் நம்மிடம் இருக்கிறதா? முன்பு எப்போதோ கொடுத்திருந்தால் நம் தோல்வியின் பலன் வேறு யாருக்கோ போகும். 2024இல் புரூக்ளின் இதைச் சரியாகச் செய்தது: மிக்கால் பிரிட்ஜஸை விற்க முடிவான அதே நேரத்தில், ஹூஸ்டன் வசமிருந்த தன் சொந்த 2025, 2026 பிக் மீதான உரிமையையும் திரும்ப வாங்கியது. சொந்த பிக் கையில் இல்லாமல் அணியைக் கலைப்பதை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன்.

வாங்கும் அணிக்கு இவ்வளவு கொடுப்பது எப்போதாவது சரியா?

நிச்சயமாக. 2018இல் டொரான்டோ தன் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த டிமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் வாங்கியது. லெனர்ட் முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பது ஆட்டமே ஆடியவர், ஒரு வருடத்தில் போய்விடலாம் என்பதும் தெரியும். போகவும் செய்தார். ஆனால் அந்த ஒரு வருடத்தில் கோப்பை வந்தது. அணி ஏற்கெனவே ஒரு படி குறைவாக நின்று, அந்த ஒரு படியை இந்த ஒரு வீரர் நிரப்புவார் என்றால் கொடுக்கலாம். மூன்று படி குறைவாக இருக்கும் அணி கொடுக்கக்கூடாது.

டிரோசனின் மனவருத்தத்தை மறந்துவிட்டு இந்த டிரேடைப் பாராட்ட என்னால் முடியவில்லை. அணிக்காக உழைத்தவரிடம் நேர்மையாக முன்கூட்டியே பேசுவதற்குச் சம்பள விதி எதுவும் தடையில்லை.

ஒப்புக்கொண்டபின் டிரேட் ரத்தாகுமா?

ஆகும். உடல் பரிசோதனை முடியும்வரை எதுவும் உறுதியில்லை. 2025 பிப்ரவரியில் ஷார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்க லேக்கர்ஸ் ஒப்புக்கொண்டது. பரிசோதனைக்குப் பிறகு வேண்டாம் என்று ரத்துசெய்தது. டிரேடுக்கான கடைசி நாள் அதற்குள் முடிந்திருந்ததால் வேறு டிரேட் செய்ய வழியில்லாமல் வீரர்கள் பழைய அணிகளுக்கே திரும்பினார்கள். அதனால் கடைசி நாள் மாலைவரை பேரத்தை இழுக்காதீர்கள். நமக்கு வரும் இளம் வீரரின் முழங்கால், கணுக்கால், முதுகு மூன்றையும் நம் மருத்துவர்கள் நிதானமாகப் பார்க்க இரண்டு நாளாவது வேண்டும்.